திருவரங்கச் சுவரறிக்கையும் போர் உருவகமும்

செய்தித்தாள்களின் தலையங்கங்கள் போரை வேட்டையாகவும் நோய் தீர்க்கும் அறுவையாகவும் உருவகித்தலை யாம் அறிவோம். அவ்வுருவகங்களில் மாள்வோர் மறைந்துபோகின்றனர். 1801 சூன் திங்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பெற்ற சின்ன மருதுவின் அறிக்கையை இத்தலையங்கங்களின் முன்னோடியாகக் கொள்ளலாம். ஐரோப்பியர் குடிகளை நாய்களாக எண்ணி ஆள்கின்றனர், சோறு நீராயிற்று என்பன அதன் கூற்றுகள். கலிங்கத்துப் பரணியில் போர்க்களமே அடுக்களையாகிறது. பேய்கள் கூழ் அட்டு உண்கின்றன. ஈண்டோ குடிகளின் வெறுங்கலமே போருக்குக் காரணமாகிறது. கும்பினிச் சிப்பாய்களையும் அறிக்கை விளித்தழைப்பதற்கு இவ்வுருவகமே இடந்தருகிறது. அக்கலம் அவர்தம் வீட்டிலும் உள்ளதன்றோ? எனினும், பகைவரை ‘இழிந்தோர்’ எனப் பொதுப்பெயரிடுமிடத்து இவ்வறிக்கையும் மாள்வோரை மறைக்கவே செய்கிறது. போருரை ஆராய்வோர் உவமையழகோடு இம்மறைப்பையும் நோக்குதல் வேண்டும்.