லோக்கல் என்றால் எந்த ஊர்?

ஆங்கிலத்தில் 'லோக்கல்' ஒரு சாதுவான சொல். இடம் என்று பொருள்படும் லத்தீன் 'லோகஸ்'-இல் இருந்து வந்தது. (நம்ம 'லோகம்' இதற்குச் சொந்தமில்லை, ஒலி ஒற்றுமை மட்டும்தான்.) நம்மிடம் வந்து இறங்கியபோதும் சாதுவாகத்தான் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1884-இல் லோக்கல் போர்டு சட்டம் வந்தது. நூறு வருஷம் கழித்து எஸ்.டி.டி. பூத் போர்டில் 'லோக்கல்' முதல் வரியாக நின்றது. பையனை ஹாஸ்டலில் சேர்த்தால் 'லோக்கல் கார்டியன்' யார் என்று கேட்கிறார்கள். ஆடி மாசம் கொல்லிமலை வல்வில் ஓரி விழாவுக்கு நாமக்கல் மாவட்டத்தில் லோக்கல் ஹாலிடே விடுகிறார்கள். இதில் எதற்கும் யாரும் கோபப்படுவதில்லை.

ஆனால் 'லோக்கலா பேசாத' என்று ஒருத்தரிடம் சொல்லிப் பாருங்கள்.

எங்கே இந்தச் சொல் குணம் மாறுகிறது என்று கொஞ்ச நாளாக உதாரணங்களைக் குறித்து வைத்து வருகிறேன். ஒரு எளிய சோதனை கிடைத்தது: 'லோக்கல்' இருக்கிற இடத்தில் 'உள்ளூர்' போட்டுப் பார்ப்பது. லோக்கல் சேனல், உள்ளூர் சேனல், சரி. லோக்கல் எம்.எல்.ஏ., உள்ளூர் எம்.எல்.ஏ., சரி. 'உள்ளூரா பேசாத'? அப்படி யாரும் பேசுவதில்லை. 'ரொம்ப', 'படு', 'பக்கா' என்று அளவுச் சொல் முன்னால் சேர்ந்தாலும் இதே கதைதான். 'படு லோக்கல்' உண்டு, 'படு உள்ளூர்' கிடையாது. இடத்துக்கு அளவு கிடையாது. ஒன்று இந்த ஊர், இல்லை வேற ஊர். அளவு வந்துவிட்டால் அங்கே பேசப்படுவது இடமே இல்லை, தரம்.

நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது 'லோக்கல் ஆளு'. 'அவரு லோக்கல் ஆளுங்க, வழி கேட்டா சொல்வாரு' என்றால் மரியாதை. 'அவன் ஒரு லோக்கல் ஆளு' என்றால் நேர் எதிர். சொல் ஒன்றுதான், குரலும் 'அவரு', 'அவன்' என்ற வித்தியாசமும் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன.

தரம் என்ற அர்த்தம் பச்சையாகத் தெரிகிற இடம் எங்கள் பக்கத்து லாரித் தொழில். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இரண்டே சாதி: 'ஒரிஜினல்', 'லோக்கல்'. லோக்கல் என்றால் பெயர் போடாத கம்பெனி, பாதி விலை, எப்போது கையை விடும் என்று தெரியாது. அது தில்லியில் செய்ததாக இருந்தாலும் நாமக்கல் கடையில் அதன் பெயர் லோக்கல்தான்! அதே நாமக்கல்லில், சேஸிஸ் மட்டும் கம்பெனியிலிருந்து வர, மேலே பாடி முழுக்கப் பட்டறையில் கட்டுகிறார்கள். அகராதிப்படி அதைவிட லோக்கலான பொருள் உலகத்தில் கிடையாது. ஆனால் அதை யாரும் 'லோக்கல் பாடி' என்பதில்லை. 'நாமக்கல் பாடி' என்பார்கள், பெருமையாக.

ஆக, ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டால் ஒரு பொருள் லோக்கல் என்ற வகையிலிருந்து தப்பித்துவிடுகிறது. சேலத்து மாம்பழம், சேலம் கொலுசு எல்லாம் இப்படித்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இது லோக்கல் என்று அரசே முத்திரை குத்திக் கொடுக்கிற சான்றிதழ்தான் அது. ஆனால் அதன் வேலை, இனிமேல் இதை லோக்கல் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்வது. 2020 மே மாதம் பிரதமர் 'வோக்கல் ஃபார் லோக்கல்' என்றபோது தமிழ்ச் செய்திகளில் 'உள்ளூர்ப் பொருட்கள்' என்று மாற்றிப் போட்டார்கள். நல்லவேளை. 'லோக்கல் பொருள் வாங்குங்க' என்று அப்படியே போட்டிருந்தால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சிரித்திருப்பார்கள்.

'நாட்டு' என்ற நம் அடைமொழி இன்னும் விசித்திரம். நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை என்றால் இப்போது விலை ஏறுகிறது. நாமக்கல்லில் லட்சக்கணக்கில் இடும் வெள்ளை முட்டை 'பண்ணை முட்டை'. எங்கிருந்தோ வரும் பழுப்பு முட்டை 'நாட்டுக்கோழி முட்டை'. இடம் இங்கேயும் கணக்கில் இல்லை. ஆனால் 'நாட்டு' எப்போதும் இவ்வளவு கௌரவமாக இருந்ததில்லை. நாட்டுச் சாராயம், நாட்டு வெடிகுண்டு இன்னும் இருக்கின்றன. 'நாட்டுப்புறத்தான்' என்பது திட்டாக இருந்தது. அதே 'நாட்டுப்புறம்' இன்று பல்கலைக்கழகத்தில் ஒரு துறை.

மனிதர்களிடம் வரும்போதுதான் இது உறுத்துகிறது. சில வருஷம் முன்னால், பெங்களூரில் ஆள் எடுக்கும் குழுவில் ஒருவனாக இருந்தேன். ராசிபுரம் பக்கத்துப் பையன் வந்தான். டேட்டாபேஸ் லாக் பற்றி அவ்வளவு தெளிவாகச் சொன்னான், 'அது அங்கயே நின்னுக்கும்ங்க சார்' என்ற ராகத்தில். கூட இருந்தவர் மதிப்பீட்டில் எழுதியது: 'டெக்னிக்கலா ஓகே, கொஞ்சம் லோக்கல்.' நான் வாதாடிப் பார்த்தேன், எடுக்கவில்லை. பெங்களூருக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து வந்தவன் அவன். அந்த அறையில் லோக்கல் அல்லாத ஒரே ஆள் அவன்தான்!

சினிமா இந்தச் சொல்லை மீட்டுவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 'எதிர்நீச்சல்' (2013) படத்தில் 'லோக்கல் பாய்ஸ்', 'மாரி'யில் (2015) 'தர லோக்கல்', அப்புறம் 2019-இல் 'மிஸ்டர் லோக்கல்' என்று தலைப்பே வந்துவிட்டது. 'தர லோக்கல்' எனக்குப் பிடித்த பிரயோகம். அந்தத் 'தர'யில் எனக்குத் தரை டிக்கெட் கேட்கிறது. ஆனால் மீட்பு என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. நட்சத்திரம் தன்னை லோக்கல் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. அதோடு, இந்தப் பாட்டுகளின் லோக்கல் சென்னைத் தெருவின் லோக்கல், மெட்ராஸ் பாஷை. 'ங்க' போட்டுப் பேசுகிற ராசிபுரம் பையனுக்கு அதில் இடமில்லை. ஒரு வசைச்சொல்லை ஒரு ஊருக்கு மட்டும் அலங்காரமாக்கிவிட்டு, மற்ற ஊர்க்காரர்களிடம் அது வசையாகவே விடப்பட்டிருக்கிறது.

'நாட்டுப்புறம்' போன வழியில் இது போகுமா என்று தெரிந்துகொள்ள நான் சினிமாவைப் பார்ப்பதில்லை, ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத்தான் கவனிக்கிறேன். ஒரிஜினலுக்குக் கையில் காசு இருந்தும் 'லோக்கலே குடுங்க' என்று கேட்ட ஒருத்தரையும் இதுவரை பார்க்கவில்லை.