கொசுவத்தி: பயனும் புகையும்

தமிழக வீடுகளுக்குள் வரும் பறக்கும் பூச்சிகளில் ஈசல் மழை பெய்த ஓரிரு மாலைகளோடு போய்விடும். விளக்கை அணைத்தாலே அதன் தொல்லை குறையும். ஈ குப்பையையும் மூடாத பண்டத்தையும் தேடி வருவது. அவை இல்லாவிட்டால் தானே குறையும். கொசு அப்படியன்று. ஆண்டின் பெரும்பகுதி இருக்கும், இரவெல்லாம் கடிக்கும், நோயையும் கொண்டுவரும். அதை விரட்ட மிகுதியாகக் கையாளப்படும் வழி கொசுவத்திச் சுருளும், அதன் வழிவந்த, மின்சாரத்தில் இயங்கும் மேட்டும் லிக்விடும்.

சுருள் ஜப்பானில் பிறந்தது. பைரித்ரம் என்னும் சாமந்தி இனப் பூவின் பொடிக்குப் பூச்சியைக் கொல்லும் தன்மை உண்டு. உவேயாமா எய்ச்சிரோ 1890இல் அந்தப் பொடியைக் கொண்டு ஊதுவத்தி போன்ற குச்சியைச் செய்தார். அது ஒரு மணி நேரம்கூட எரியவில்லை. குச்சியைச் சுருட்டி வைத்தால் நெடுநேரம் எரியும் என்று 1895இல் வழி சொன்னவர் அவர் மனைவி யூக்கி. 1902இல் சுருள் விற்பனைக்கு வந்தது. இன்றைய சுருள் ஏழெட்டு மணி நேரம் எரிகிறது. ஒரு தூக்கத்துக்குப் போதும். பூவின் பொடிக்குப் பதில் 1949இல் உருவாக்கப்பட்ட அலெத்ரினும், பின்னால் வந்த டிரான்ஸ்ஃபுளூத்ரின் போன்ற செயற்கை மருந்துகளும் அதில் சேர்ந்தன. இவை கொசுவின் நரம்பைத் தாக்கி அதை மயங்கி விழச் செய்கின்றன.

சுருளின் எடையில் மருந்து ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய்ச் சிரட்டைப் பொடி, மாவுப்பசை, சாயம். தணல் இருக்கும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் பின்னால், சூடேறிய பகுதியிலிருந்து மருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் தூளும் சிரட்டையும் எரிவதால் வருவது. புகை அதிகமாக வந்தால் மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை.

சுருளின் நிறைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. அதற்கு மின்சாரம் வேண்டாம். மின்வெட்டு நேரத்திலும், வாசல் திண்ணையிலும், காவலாளியின் நாற்காலிக்கு அடியிலும், கட்டட வேலையாட்கள் தங்கும் தகரக் கொட்டகையிலும் அது எரியும். மூலைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சுருள் எரியும் இடத்தில் கொசுக்கடி குறைகிறது என்பதும் மெய்யே. சுருள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று அதை ஏற்றது. ஆனால் சுருள் மலேரியாவைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அது சொன்னது. கடி குறைவதும் நோய் வராமலிருப்பதும் வேறு வேறு. விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகின்றன.

குறைகளில் முதலாவது புகைதான். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களை எரித்து அளந்த ஆய்வு 2003இல் வெளியானது. ஒரு சுருள் முழுதாக எரியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதால் வரும் அளவுக்கு ஈடாக இருந்தது. ஃபார்மால்டிஹைடு என்னும் நச்சுவாயு 51 சிகரெட்டுகளுக்கு நிகரான அளவு வரை எட்டியது. சிகரெட்டைப் புகைப்பவர் உள்ளிழுக்கும் அளவோடு இதை நேராக ஒப்பிட முடியாது; அறையின் அளவும் காற்றோட்டமும் கணக்கில் சேரும். ஆயினும் ஓர் அறைக்குள் தொட்டில் குழந்தையும், ஆஸ்துமா உள்ள பாட்டியும் இரவு முழுதும் மூச்சுவிடும் காற்று அது என்பதை மறக்கக் கூடாது.

காற்றோட்டமுள்ள இடத்தில் கொளுத்தவும் என்று உறையில் அச்சிட்டிருக்கும். சன்னலைத் திறந்தால் மருந்தாவி வெளியே போகும், கொசு உள்ளே வரும். சன்னலை அடைத்தால் கொசுவோடு சேர்ந்து வீட்டார் மூச்சும் முட்டும். வலையடிக்காத சன்னல் உள்ள வீட்டில் அந்த எச்சரிக்கையைப் பின்பற்றவே வழியில்லை. சுருளை நம்பியிருக்கும் வீடுகளில் பல அப்படிப்பட்டவை.

மேட்டும் லிக்விடும் இந்தப் புகையை நீக்கின. மருந்தை ஆவியாக்கச் சிறிது சூடு போதும், எதையும் எரிக்க வேண்டியதில்லை என்பதை அவை காட்டிவிட்டன. அந்த வகையில் அவை மெய்யான முன்னேற்றம். மற்றக் குறைகள் தொடர்கின்றன. தலைமாட்டில் செருகிய லிக்விட் இரவெல்லாம் மருந்தைக் காற்றில் கலக்கிறது. சிலருக்குத் தொண்டை எரிச்சலும் தலைவலியும் வருகின்றன. இம்மருந்துகள் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. தொட்டியில் மீன் வளர்க்கும் அறைக்கு ஆகாது. இதைவிடக் கவலை தருவது கொசுக்களின் எதிர்ப்புத் திறன். ஒரே வகை மருந்தைச் சாகாத அளவில் ஓயாமல் கொடுத்தால், அதைத் தாங்கும் கொசுக்களே பிழைத்துப் பெருகும். இந்த மருந்தினத்தைத் தாங்கும் கொசுக்கள் உலகின் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. கொசு சாகவில்லை என்று லிக்விடின் விசையைக் கூட்டுவதும் இரண்டு சுருள் கொளுத்துவதும் இதற்குத் தீர்வாகாது.

பழக்கத்தின் நேரமும் நோயின் நேரமும் பொருந்தவில்லை. சுருளும் லிக்விடும் படுக்கும்போது ஏற்றப்படுகின்றன. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, முக்கியமாகக் காலையிலும் மாலை மங்கும் முன்னும். இரவில் காதருகே ரீங்காரமிடும் க்யூலெக்ஸ் கொசுவுக்காக வீடே புகைமூட்டமாகிறது. பகலில் ஓசையின்றி வரும் ஏடிஸுக்கு எந்தத் தடையும் இல்லை.

ஊதுவத்தி வடிவில் வரும் கொசு வத்திகள் தனி ஆபத்து. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி இத்தகைய மருந்துகளுக்குப் பதிவு கட்டாயம். மூலிகை என்ற பெயரில் பதிவெண் இல்லாமல் விற்பவற்றில் என்ன மருந்து, எவ்வளவு இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. வேப்பிலை, நொச்சிப் புகையும் கொசுவை ஓரளவு விலக்கும். ஆனால் இலைப் புகையும் நுரையீரலுக்குப் புகைதான்.

மாற்றுகளில் ஊதா ஒளிப் பொறி பணத்துக்குக் கேடு. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வீட்டுப் புறங்களில் வைத்த பொறிகளில் விழுந்த 13,789 பூச்சிகளை எண்ணிய 1996ஆம் ஆண்டு ஆய்வில், கடிக்கும் பூச்சிகள் 31 மட்டுமே இருந்தன. கொசு நம் மூச்சையும் உடல் சூட்டையும் மணத்தையும் தேடி வருவது. விளக்கைத் தேடி வருவதன்று. கொசு பேட் கண்ணில் பட்டதை மட்டும் கொல்லும். மின்விசிறி எளிய, நல்ல துணை: கொசு வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி, காற்றுவீச்சை எதிர்த்து வந்து உட்கார அதனால் முடிவதில்லை. எல்லாவற்றிலும் சிறந்தது கொசுவலையும் சன்னல் வலையும். புழுக்கம் உண்டு, கிழிந்தால் தைக்க வேண்டும். ஆனால் மூச்சில் எதையும் கலக்காது, கொசு பழகித் தப்பவும் முடியாது.

வீட்டுக்குள் வரும் ஏடிஸ் பெரும்பாலும் அந்த வீட்டிலோ பக்கத்திலோ பிறந்ததே. சின்டெக்ஸ் தொட்டி, தண்ணீர்க் குடம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு என எங்கு நீர் தேங்கினாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். காய்ந்த பாத்திரச் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நகர மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீஃபென்சியும் மூடாத மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் வளர்வது.

வெளித்திண்ணையிலும் மின்சாரம் இல்லாத இடத்திலும் சுருளுக்கு இடம் உண்டு. அடைத்த படுக்கையறையில் அதைக் கொளுத்துவதைக் கைவிட வேண்டும். குழந்தையோ மூச்சுத்திணறல் உள்ளவரோ படுக்கும் அறையில் லிக்விடுக்கும் முன்னதாகக் கொசுவலையைத்தான் கட்ட வேண்டும்.