மான் தடம் அறிந்தவர்

ஈப்போ நகருக்குப் பெயர் தந்தது ஒரு நஞ்சு மரம். ரப்பர் மரத்தைப் போலவே பட்டையைக் கீறி அதன் பாலை எடுப்பார்கள். அதை நெருப்பில் வாட்டிக் கெட்டியாக்கி, மூங்கில் ஊதுகுழலில் வைக்கும் சிற்றம்பின் நுனியில் தடவிப் பேராக் காடுகளின் பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்தார்கள். இரத்தத்தில் கலந்தால் இதயத்தை நிறுத்திவிடும் நஞ்சு அது. சமைத்த இறைச்சியோடு வயிற்றுக்குள் போனால் தீங்கில்லை. ஊதுகுழலுக்கு ஏற்ற மூங்கிலோ மலைமேல் சில இடங்களில்தான் கிடைக்கும். கணுவுக்குக் கணு இரண்டு மீட்டர் வரை நீளும் அந்த மூங்கிலின் அறிவியல் பெயரில் லியோனர்ட் ரே என்பவரின் பெயர் சேர்ந்திருக்கிறது. தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகத்தின் முதல் பொறுப்பாளர் அவர்தான்.

ஆனால் ஊதுகுழல் பெரிய மானுக்கான கருவி அல்ல. குரங்கு, அணில், பறவை என்று மரத்தின் மேலே இருப்பவற்றுக்கானது. தரையில் நடக்கும் மானுக்குக் கண்ணியும் ஈட்டிப் பொறியும் வைத்தார்கள். எந்த விலங்குக்கு எந்தக் கருவி என்று தெரிந்திருப்பதே இங்கே முதல் பாடம்.

இந்த மலாய்த் தீபகற்பத்தில் மான் என்றால் மூன்று அளவு. பெரியது ரூசா; தமிழ்நாட்டில் மிளா, கடமான் என்பார்கள். வளர்ந்த ஆண் 200 கிலோவையும் தாண்டக்கூடும். அடுத்தது கீஜாங்; கேளையாடு என்று தமிழ்நாட்டு மலைகளில் அழைக்கப்படுவதன் உறவு, 20 முதல் 28 கிலோ வரை இருக்கும். ஆபத்தைக் கண்டால் நாய் போலக் குரைத்துக் காட்டையே எழுப்பிவிடும். மூன்றாவது கஞ்சில், இரண்டே கிலோ. விலங்கியலார் அதை உண்மையான மான் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆனாலும் மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் ஏய்க்கும் வீரன் அதுதான். இளவரசன் பரமேசுவரனின் நாயை அது உதைத்துத் தள்ளி, மலாக்கா உருவாகக் காரணமாக இருந்த கதையையும் இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள்.

மூன்றையும் ஒரே முறையில் தேட முடியாது. ரூசாவைத் தேடுகிறவர் அது உப்பு நக்க வரும் உப்புச்சேற்றையும் சேற்றுக்குளியல் இடத்தையும் அறிந்திருக்க வேண்டும். மண்ணில் பதிந்த குளம்பின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, மழைத்துளி விழுந்து மழுங்கியிருக்கிறதா என்று பார்த்தே விலங்கு எப்போது போனது என்று கணிப்பார்கள். தைப்பிங்கில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அந்த மழை தடத்தை அழிக்கும். அதே மழைதான் சருகை நனைத்து நடப்பவரின் காலடி ஓசையையும் விழுங்கும். காற்றையும் கவனிக்க வேண்டும். மலைச்சரிவில் விடிகாலைக் குளிர்காற்று கீழே இறங்கும், வெயில் ஏறியபின் மேலே போகும். லாருட் மலையடியில் காலை ஏழு மணிக்குச் சரியாக இருக்கும் பாதை பத்து மணிக்கு மனித வாடையை நேரே மானின் மூக்குக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வாடை என்றதும் ஜஹாய் மக்களைச் சொல்லியாக வேண்டும். மேல் பேராக்கில் தெமெங்கோர், பெலும் காடுகளில் வாழ்கிறவர்கள் இவர்கள். 2014-இல் அசிஃபா மஜித், நிக்லஸ் புரென்ஹுல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். நிறங்களுக்குப் பெயர் சொல்வது போலவே ஜஹாய் மக்கள் மணங்களுக்கும் தயங்காமல், ஒருவருக்கொருவர் ஒத்த பெயர் சொன்னார்கள். அதே சோதனையில் ஆங்கிலம் பேசுவோர் தடுமாறினார்கள். புலியை இழுத்துவரும் இரத்த வாடைக்கென்றே ஜஹாய் மக்களிடம் ஒரு தனி வகை உண்டு. காட்டில் இறைச்சி சுமந்து நடப்பவருக்கு அது உயிர் காக்கும் அறிவு.

மலாய்க்காரர்களின் மான் வேட்டை வேறு பள்ளி. அது கூட்டாகச் செய்வது. பிரம்பில் முறுக்கிய சுருக்குகளை ஒரு நீண்ட வடத்தில் வரிசையாகத் தொங்கவிட்டு, காட்டின் ஒரு பக்கத்தை அடைப்பார்கள். மறுபக்கத்திலிருந்து நாய்களோடு ஆட்கள் கூச்சலிட்டு விரட்டி வருவார்கள். இந்த வேட்டைக்குத் தலைமை தாங்கியவர் பாவாங் எனப்படும் மந்திரவாதி. எந்த நாளில் போவது, சுருக்கை எங்கே கட்டுவது, யார் எங்கே நிற்பது, எல்லாம் அவர் சொல்படிதான். விலங்கு விழுந்ததும் அதைவிட்டு நீங்கும் தீய ஆற்றலான ‘பாடி’ வேட்டைக்காரரைத் தாக்காமலிருக்க மந்திரம் சொல்லி அதை வெளியேற்றுவதும் அவர் பொறுப்பு. 1900-இல் வெளிவந்த, ஆங்கில ஆய்வாளர் ஸ்கீட்டின் மலாய் மந்திரவியல் நூல் இந்தச் சடங்குகளை விரிவாகப் பதிந்திருக்கிறது. பேராக்கில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1907-இல் எழுதிய மலாய்க் காடுகள் பற்றிய நூலில் மான் விரட்டுக்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது.

மந்திரத்தை நம்பாதவரும் மதிக்க வேண்டிய ஒன்று இந்த மரபில் உண்டு. சுருக்கில் சிக்கிய மானை உயிர் பிரியுமுன் முறைப்படி அறுத்தால்தான் இறைச்சி ஹலால். ஆகவே ஓடிப்போய்ச் சேரவேண்டும். கத்தி கூராக இருக்கவேண்டும். கண்ணியை வைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து பார்க்கும் சோம்பலுக்கு இடமில்லை. விலங்கின் துன்பத்தைச் சுருக்கும் கட்டாயம் அந்தச் சட்டத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. கஞ்சிலுக்கு இன்னும் நுட்பமான வழி வைத்திருந்தார்கள். காலால் தரையைத் தட்டிச் செய்தி சொல்வது கஞ்சிலின் வழக்கம். குச்சியால் காய்ந்த இலையில் அதே தாளத்தில் தட்டி அதை அருகே வரவழைப்பார்கள். இதற்குக் கைத்திறத்தைவிடக் காதுதான் வேண்டும்.

வெள்ளைக்காரத் துரைகளின் பள்ளி துப்பாக்கியோடு வந்தது. கொம்பின் நீளத்தை அளந்து சுவரில் மாட்டுவது அவர்களின் பெருமை. அந்தப் பள்ளியிலிருந்துதான் தியடோர் ஹப்பக் வந்தார். ரப்பர் தோட்டக்காரர், 1905-இலேயே யானை, செலாடாங் எனும் காட்டெருது ஆகியவற்றின் வேட்டை பற்றி நூல் எழுதியவர். பிற்காலத்தில் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளிக் காட்டுயிர்க் காப்புக்காகப் போராடினார். 1930-களின் தொடக்கத்தில் மலாயாவின் காட்டுயிர் ஆணையராக அவர் எழுதிய பெரிய அறிக்கை இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு வழி திறந்தது. ஆயுள் முழுக்கத் தடம் பார்த்தவருக்குத்தான் தடம் குறைவது முதலில் தெரிந்தது.

தமிழரிடம் இந்தக் கலைக்கு ஈராயிரம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் இரண்டு வேட்டுவத் தலைவர்களைப் பாடுகிறார். ஒருவன் வல்வில் ஓரி. அவன் விட்ட ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, புற்றிலிருந்த உடும்பு வரை ஊடுருவிச் சென்றதாம். இன்னொருவன் கண்டீரக்கோப் பெருநள்ளி. மான் கூட்டத்தை வேட்டையாடிய குருதி காலில் காயாமல் நின்றவன், காட்டில் களைத்துக் கிடந்த பாணர்களைக் கண்டு தானே தீ மூட்டி இறைச்சி சுட்டுக் கொடுக்கிறான். பிறகு அணிகலனையும் கழற்றித் தருகிறான். பெயர் கேட்டால் சொல்லவில்லை. ஓரியின் அம்பு வியப்பைத் தருகிறது. வேட்டுவனை அளக்க நள்ளி மூட்டிய தீயே சரியான அளவுகோல்.

அதே நூலின் 320-ஆம் பாட்டு இன்னும் ஆழமானது. காட்டு மானைப் பிடிக்கப் பழக்கிய பெண்மானை வீட்டில் வளர்ப்பார்கள். பார்வை மான் என்று அதற்குப் பெயர். வேட்டுவன் உறங்குகிறான். முற்றத்தில் பார்வை மானோடு ஒரு காட்டு ஆண்மான் கூடி விளையாடுகிறது. மனைவி அசையாமல் இருக்கிறாள். கணவன் விழித்தால் அந்த இணை பிரியுமே என்ற கவலை அவளுக்கு. மான் கறியை நம்பி அடுப்பெரியும் வீட்டில் இப்படியும் ஒரு கட்டுப்பாடு. ஈப்போ கல்லுமலைக்குத் தைப்பூசத்தன்று காவடி எடுத்துச் செல்லும் அடியார்களுக்கு, மானையும் வேடரையும் உறவாக்கும் வள்ளியின் கதை தெரியும். மான் ஈன்ற குழந்தையை எடுத்து மகளாக வளர்த்தவன் வேடர் தலைவன் நம்பி.

தோட்டத்துத் தமிழர்களின் வேட்டை பெரும்பாலும் நாய்களோடு காட்டுப்பன்றியைத் துரத்துவதாகத்தான் இருந்தது. துப்பாக்கி துரையின் பங்களாவில் இருந்தது. 1948-இல் அவசரகாலம் வந்தபோது, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்று விதி வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் காட்டோரம் போவதே ஆபத்து. இந்நாட்டுத் தமிழரிடம் மான் வேட்டை ஒரு முழுப் பள்ளியாக வளராமல் போனதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

சுட்ட பிறகு என்ன செய்கிறார் என்பதில்தான் வேட்டைக்காரரின் தரம் வெளிப்படும். ஜெர்மனியில் எழுத்து, வாய்மொழி, சுடுதல் என்ற தேர்வுகளில் தேறினால்தான் வேட்டை உரிமம். அடிபட்ட மானைத் தேடுவதற்கென்றே அங்கே நாய் இனங்களை வளர்த்திருக்கிறார்கள். நுரைத்த வெளிர்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் ஈரல், பச்சை நிறம் கலந்திருந்தால் குடல். குடலில் பட்டதை உடனே துரத்தக்கூடாது. படுக்கவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் போகவேண்டும். விழுந்த மானின் வாயில் ஒரு பசுந்தழையைக் கடைசி உணவாக வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பேராக்கின் செமாய் மக்களிடம் மரியாதை வேறு வடிவம் கொண்டது. பெரிய விலங்கு கிடைத்தால் குடியிருப்பு முழுவதற்கும் சமமாகப் பங்கு. அதற்கு நன்றி சொல்வது தவறு என்று அவர்கள் கருதுவதாக மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் 1968-இல் எழுதினார். நன்றி சொன்னால், கொடுத்தவர் கணக்குப் பார்த்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இந்த அளவுகோல்களில் எதற்கும் நில்லாதது இரவில் விளக்கடித்துச் சுடும் முறை. ஒளியைக் கண்டு மான் உறைந்து நிற்கும், கண்கள் மின்னும். தடமோ காற்றோ தெரியாதவரும் சுட்டுவிடலாம். ஆணா பெண்ணா, சினையா என்று பார்ப்பதற்கும் நேரமில்லை. அதைவிடக் கொடியது கம்பிக் கண்ணி. பிரம்புச் சுருக்கு மட்கிப் போகும். எஃகுக் கம்பி வைத்தவர் மறந்த பிறகும் கொல்லும். மான், புலி, தாப்பிர் எதையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. இவற்றைத் தடுக்கவே 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணிக்குக் கடுமையான தண்டனை வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே ரூசாவையும் கீஜாங்கையும் வேட்டையாடத் தற்காலிகத் தடை வந்தது. பிறகு அது நீட்டிக்கப்பட்டது. ரூசா குறைந்தால் புலிக்கு இரை இல்லை. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என்று காட்டியது.

ஆகவே இன்று இந்த மண்ணில் மான் தடம் அறிந்தவரின் வேலை மாறியிருக்கிறது. ராயல் பெலும் காட்டில் புலிப் பாதுகாப்புக்கான ரீமாவ் அமைப்பின் மென்ராக் ரோந்துக் குழுவில் இருப்பவர்கள் ஜஹாய் ஆண்கள். மான் எந்த வழியாக உப்புச்சேற்றுக்கு இறங்கும், கண்ணி வைப்பவன் எந்தச் செடியை வளைப்பான், ஒடிந்த கிளை விலங்கால் ஒடிந்ததா மனிதக் கையால் ஒடிந்ததா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கம்பியைக் கண்ட இடத்தில் அறுத்து எடுக்கிறார்கள். விலங்குத் தடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்துகிறவர்களுக்கும் தேவைப்படுவது இதே அறிவுதான்.