ஒலிவியா முதல் ரேங்க்!

மாடி போர்ஷன் சார், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வாரம் செல்போனும் கையுமாக இறங்கி வந்தார். நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது.

"ஒலிவியான்னு பேர் வெச்சிருக்கா சார். என்ன அர்த்தம்னு கேட்டா 'நீயே தேடிப் பாருப்பா'ங்கறா. நீங்க எழுதறவராச்சே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

என் பையன் பிறந்தபோது பழைய புத்தகக் கடையில் வாங்கிய இங்கிலீஷ் பெயர்ப் புத்தகம் ஒன்று பரணில் கிடந்தது. (பத்தாயிரம் பெயர்களையும் படித்துவிட்டு, கடைசியில் தாத்தா பெயரைத்தான் வைத்தோம்.) தூசி தட்டிப் பார்த்தேன். ஒலிவியா: லத்தீன், சமாதானம். அவ்வளவுதான். ஒரே வரி.

அந்த ஒரு வரியோடுதான் எனக்குத் தகராறு.

லத்தீனில் 'ஒலிவா' என்றால் ஆலிவ் மரம், ஆலிவ் பழம். சமாதானத்துக்கு அவர்களிடம் 'பாக்ஸ்' என்று வேறு வார்த்தையே இருக்கிறது. நோவாவின் பேழைக்குப் புறா ஆலிவ் இலை கொண்டுவந்தது, ஐ.நா. கொடியில் உலகப் படத்தைச் சுற்றி ஆலிவ் கிளைகள் இருக்கின்றன. எல்லாம் சரி. அதற்காக மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு சமாதானத்தை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதா? வேப்பிலை அம்மனுக்கு உகந்ததுதான். வேம்பு என்றால் அம்மன் என்று அகராதியில் போடுவோமா?

'லத்தீன்' என்பதும் பாதிக் கதை. ரோமானியர்கள் அந்த வார்த்தையை கிரேக்கர்களிடமிருந்து வாங்கினார்கள். இங்கிலீஷ்காரர்களின் 'ஆயில்' கூட அதே மரத்தில் காய்த்த வார்த்தைதான். முதலில் ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் இருந்த பெயர், பிறகு மண்ணெண்ணெய் வரைக்கும் பொதுவாகிவிட்டது. நாமும் இதையேதான் செய்திருக்கிறோம். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று கூசாமல் சொல்கிறோம். ஆக, நம்ம ஊர் 'ஆயில் மில்' போர்டும் நியூஜெர்சிக் குழந்தையும் ஒருவகையில் உறவு. இந்தச் சுவையெல்லாம் பெயர்ப் புத்தகத்துக்கு வேண்டாம்.

இந்தப் பெயரை ஷேக்ஸ்பியர்தான் உருவாக்கினார் என்றும் அடித்துவிடுவார்கள். தவறு. இடைக்காலத்திலேயே இங்கிலாந்தில் இருந்த பெயர்தான். அதைப் பிரபலமாக்கியது அவருடைய 'ட்வெல்ஃப்த் நைட்'. 1602 பிப்ரவரி 2-ம் தேதி, லண்டனில் வக்கீல்களின் கூடமான மிடில் டெம்பிளில் இந்த நாடகம் நடந்ததை ஒரு சட்ட மாணவர் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். நாடகத்தில் ஒலிவியா பெரிய சீமாட்டி. அண்ணன் செத்த துக்கத்தில் ஏழு வருஷம் முகத்திரையோடுதான் இருப்பேன் என்று சபதம் போட்டவள், ஆண் வேஷத்தில் தூது வந்த வயோலாவைப் பார்த்த மாத்திரத்தில் திரையை விலக்கிக் காதலில் விழுகிறாள். அவள் வீட்டுக் காரியஸ்தன் மல்வோலியோ, அம்மாவுக்குத் தன் மேல்தான் காதல் என்று நம்பி மஞ்சள் ஸ்டாக்கிங்ஸ் போட்டுக்கொண்டு மானம் போகிறான். வீட்டில் சமாதானம் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது! வேடிக்கை என்னவென்றால், ஆலிவைச் சொல்லி சமாதானம் பேசுகிற ஒரு வசனம் நாடகத்தில் உண்டு. அதைப் பேசுவது ஒலிவியா அல்ல, வயோலா.

ஒலிவியா, வயோலா, மல்வோலியோ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதே எழுத்துகளைக் குலுக்கிக் குலுக்கிப் போட்டிருக்கிறார் மனுஷன். அவர் பார்த்தது அர்த்தத்தை அல்ல, காதுக்கு எப்படி இருக்கிறது என்பதை.

இன்றைய பெற்றோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம். அமெரிக்காவில் 2024-ல் பிறந்த பெண் குழந்தைகளின் டாப் டென்னில் எட்டுப் பெயர்கள் 'ஆ' என்றுதான் முடிகின்றன. ஒலிவியா, எம்மா, அமீலியா, மியா... ஆலிவ் என்பதும் அதே மரம்தான், அதே அர்த்தம்தான். அது பட்டியலில் இல்லை. பாப்பாயின் ஒல்லிக்குச்சிக் காதலிக்கு அந்தப் பெயர் இருந்ததாலோ என்னவோ!

இந்தப் பட்டியல் பொதுமக்கள் கைக்கு வந்த கதை தனி. 1997-ல் அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறையில் ஆக்சுவரியாக இருந்த மைக்கேல் ஷாக்கில்ஃபோர்டுக்கு ஒரு குறை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொரு மைக்கேல். பிறக்கப்போகும் தன் குழந்தைக்கு அந்தக் கதி வேண்டாம் என்று, அரசாங்கக் கணக்கிலிருந்து பிரபலமான பெயர்களை எண்ணி எடுத்தார். எதைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வதற்காகப் போட்ட பட்டியல். இப்போது அதையே ஜனங்கள் பரீட்சை ரிசல்ட் மாதிரி பார்க்கிறார்கள்.

அந்த ரிசல்ட்டில் 2019 முதல் 2024 வரை ஒலிவியாதான் ஃபர்ஸ்ட். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2016-லிருந்தே அவள்தான். கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால், பி.காம். படித்தவனுக்கு ரேங்க் போதாது, மார்க்கெட் ஷேர் வேண்டும். 1947-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த பெயர் லிண்டா. அந்த ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட 1 லட்சம் லிண்டாக்கள். நூறு பெண் குழந்தைகளில் ஐந்துக்கும் மேல்! 2019-ல் ஒலிவியாவோ நூற்றுக்கு ஒன்றுதான். முதலிடமே சுருங்கிவிட்டது. எல்லோரும் ஊரில் இல்லாத பெயராகத் தேடியதில், முதல் ரேங்க் வாங்க ஒரு மார்க் போதும் என்றாகிவிட்டது.

இன்னொரு கணக்குக் கோளாறும் உண்டு. ஸ்பெல்லிங் மாறினால் அங்கே வேறு பெயர். 2024 டாப் டென்னில் சோஃபியா இரண்டு தடவை வருகிறாள், ஒரு ஸ்பெல்லிங்குக்கு ஒரு இடமாக. இரண்டையும் கூட்டினால் ஒலிவியாவின் கிரீடம் காலி. எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

இத்தனையையும் மாடி சாரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். "ஆலிவ்னா நம்ம பக்கம் இல்லாத மரமாச்சே சார்?" என்றார் கவலையாக.

மரம் இல்லை, பெயர் உண்டு என்றேன். தமிழ் பைபிளில் ஒலிவமலை இருக்கிறது. அரபியில் ஆலிவுக்கு ஜைத்தூன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜைத்தூன் பீவியா? நாகூர் பிராஞ்ச்ல இருந்தப்போ அந்தப் பேர்ல மூணு அக்கவுன்ட். கையெழுத்து மாறிடும், தலைவலி!" சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "என் வீட்டுக்காரிக்கு முழுப் பேர் வாயில நுழையலை. 'ஒலி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டா. தப்பில்லையே?" என்றார்.

தப்பே இல்லை என்றேன்.