முதலில் வேர், பிறகு பூ!

ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பலர் ஏரியில் படகில் சுற்றி, லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் படம் எடுத்துக்கொண்டு மலை இறங்கிவிடுகிறார்கள். அதே ஊரில் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் தோட்டமும் தேசிய ஆர்க்கிட் காப்பகமும் இருக்கின்றன. மலர்க் கண்காட்சியை நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஏமாற்றம்தான். அருகிவரும் செடிகளைக் காத்து வளர்க்கும் இடம் இது. இதை ரசிக்க வேறு கண் வேண்டும்.

வேரைப் பாருங்கள்
ஆர்க்கிட் எப்போதும் பூத்திருக்காது. வேர் எப்போதும் இருக்கும். மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேர் வெள்ளையாக, பஞ்சு சுற்றியதுபோல் இருக்கும். தண்ணீர் பட்டதும் அது பச்சையாக மாறுவதைக் கவனியுங்கள். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மழையையும் பனியையும் பிடித்து வாழ்கிறது. பூத்திருந்தால் குனிந்து பாருங்கள். ஒபரோனியா வகையின் பூ கடுகளவுதான். ஒரு லென்ஸ் கொண்டுபோவது நல்லது.

ஆர்க்கிட் விதை வெறும் தூசி. அதற்குள் உணவுச் சேமிப்பு கிடையாது. ஏற்ற பூஞ்சை துணைக்கு வந்தால்தான் காட்டில் முளைக்கும். அதனால்தான் பறித்த செடியின் இடம் எளிதில் நிரம்புவதில்லை.

குடுவையை உற்றுப் பாருங்கள்
மேகாலய மலைகளுக்கே உரிய நெப்பந்தஸ் காசியானா என்ற குடுவைச் செடியையும் இங்கே காணலாம். தொங்கும் குடுவையைப் பூ என்று நினைக்காதீர்கள். அது இலையின் நுனி. விளிம்பில் தேன் சுரக்கும். தேனுக்கு வரும் பூச்சி வழுக்கி உள்ளே விழுந்து செரிமான நீரில் கரைந்துபோகும். இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒற்றைச் செடியைக் காப்பாற்றினால் மட்டும் விதை கிடைக்காது.

பெயர்ப்பலகையைப் படியுங்கள்
செடியின் அறிவியல் பெயரிலேயே சில சமயம் ஊர் இருக்கும். சேர்வராயன் மலையின் பெயரைத் தாங்கிய அரிய மரம் வெர்னோனியா ஷெவராயென்சிஸ். அதைத் தேடிப் பார்த்துவிட்டு வாருங்கள். அதன் சொந்த மலையில்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் தோட்டம் காட்டுக்கு மாற்றாகிவிடாது. காடு அழிந்தால், இங்கே வளர்த்த செடிகளைத் திருப்பி நடுவதற்கு இடமே இருக்காது. எனவே எதையும் பறிக்காதீர்கள். காட்டிலிருந்து பிடுங்கி விற்கும் ஆர்க்கிட்டை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.