முருங்கைக்கீரையும் சிறுநீரகமும்: ஃபிரிட்ஜ் கதவில் இருந்த இரண்டு பட்டியல்கள்

சித்தி வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்று வாட்ஸ்அப்பில் வந்ததை உறவுக்காரர் ஒருவர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது. ரத்தம் ஊற என்னென்ன சாப்பிட வேண்டும் என்ற பட்டியல். முருங்கைக்கீரை சூப், பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சை, வெல்லம், அத்திப்பழம். இன்னொன்று ஒரு கிளினிக்கில் கொடுத்தது. சிறுநீரக நோயாளிகளுக்கான உணவு முறை. முதல் தாளில் "தினமும்" என்று போட்டிருந்ததில் பாதிக்கு மேல் இரண்டாம் தாளில் "தவிர்க்கவும்" என்ற கட்டத்துக்குள் இருந்தது.

"ரெண்டுல எதுப்பா நெசம்?" என்று சித்தி கேட்டார். அவருக்கு 20 வருஷமாகச் சர்க்கரை, நான்காம் கட்ட சிறுநீரக நோய், ஹீமோகுளோபின் 8.1. நான் பதில் தேடிக்கொண்டிருந்த மூன்று வாரத்தில், பக்கத்து வீட்டு அக்கா "கீரைதானே, அது என்ன பண்ணிடப் போகுது" என்று சொன்னதை நம்பி, அவர் காலையும் மாலையும் முருங்கைக்கீரை சூப் குடித்துவந்தார். கால் தளர்ந்து விழுந்து, ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பொட்டாசியம் 6.2. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. இரண்டு ராத்திரி மானிட்டர் மாட்டி வைத்திருந்தார்கள். ஹீமோகுளோபின் அதே 8.1.

அதற்குப் பிறகு படித்தவற்றின் குறிப்புகள்தான் இது. நான் டாக்டர் இல்லை. இந்தப் பதிவின் வேலை அந்த இரண்டு தாள்களை விமர்சிப்பது மட்டும். யாருடைய மருந்தையும் மாற்றச் சொல்வது அல்ல.

முதல் தாளில் இருந்து தொடங்குகிறேன். இந்த வகைப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்பது புரிந்துகொள்ளக் கூடியதுதான். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை, கர்ப்பிணிக்குச் சிவப்பு மாத்திரை, சுவரில் கீரை படம் என்று நாம் பார்த்து வளர்ந்தது எல்லாம் அந்தக் கூட்டத்துக்காக. மாதவிடாய், பிரசவம், குறைந்த சாப்பாடு, இரும்பு பற்றாக்குறை. அங்கே கீரையும் மாத்திரையும் நியாயமான பதில். ஆனால் "ரத்தசோகை என்றால் இரும்பு குறைவு, இரும்பு குறைவு என்றால் கீரை" என்று அந்தச் செய்தி தமிழில் உறைந்துபோய்விட்டது. யாருக்காக எழுதியது என்பது அழிந்து, பட்டியல் மட்டும் மிச்சம்.

சிறுநீரகம் கெட்டவருக்கு வரும் ரத்தசோகை வேறு சரக்கு. எலும்பு மஜ்ஜைக்குச் "சிவப்பணு தயாரி" என்று உத்தரவு போடுவது எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன். வளர்ந்தவர்களின் உடம்பில் அதில் பெரும்பங்கு சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் சுருங்கச் சுருங்க உத்தரவு போவது குறைகிறது. மஜ்ஜை நன்றாக இருக்கிறது, இரும்பும் இருக்கலாம், ஆனால் வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை. எங்கள் தொழிலில் சர்வர் மெதுவாக இருக்கிறது என்றால் லாக்கைக் கூடப் பார்க்காமல் ரேம் வாங்கிப் போடும் ஆட்கள் உண்டு. அது மாதிரிதான்.

இந்த ஹார்மோனைப் பிரித்தெடுத்த கதை சுவாரசியமானது. சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசர் பல வருஷம் இதன் பின்னாலேயே அலைந்தார். கடைசியில் ஜப்பானிலிருந்து மியாகே என்ற ஆய்வாளர், மஜ்ஜை வேலை செய்யாத நோயாளிகளிடம் சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரைக் காயவைத்துக் கொண்டுவந்தார். அதிலிருந்து 1977-ல் கிடைத்தது சில மில்லிகிராம். 1983-ல் ஆம்ஜென் நிறுவனத்தில் ஃபூ-குன் லின் அதன் மரபணுவைப் பிரித்தார். 1989-ல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இருந்த முக்கியமான வழி திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றுவது. எந்த ஊரிலும் கீரை அந்த வேலையைச் செய்ததில்லை.

இரண்டாவது பூட்டு ஒன்றும் இருக்கிறது. ஹெப்சிடின். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில்தான் கண்டுபிடித்தார்கள். ஈரலில் சுரக்கும் இது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் வாசலை அடைக்கிறது. கையிருப்பில் இருக்கும் இரும்பையும் வெளியே விடாது. உடம்பில் அழற்சி இருந்தால் ஹெப்சிடின் ஏறும், சிறுநீரகம் வடிகட்டாவிட்டாலும் தேங்கும். சிறுநீரக நோயாளிக்கு இரண்டும் உண்டு. ஆக, வாய் வழியாக எவ்வளவு இரும்பு போட்டாலும் உள்ளே போவது சொற்பம்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஹீமோடயாலிசிஸ் செய்துகொள்கிறவர், குழாயில் தங்குவது, பரிசோதனைக்கு எடுப்பது எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு இழக்கிறார். நடுவில் 2 கிராம் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 5 மில்லிகிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு 4.56 மி.கி. கீரை இரும்பில் 5 சதவீதம் உடம்பில் சேரும் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 5 மி.கி. சேர 100 மி.கி. சாப்பிட வேண்டும். அதற்கு இரண்டு கிலோவுக்கு மேல் கீரை, தினமும். அதே அட்டவணையில் அந்தக் கீரையின் பொட்டாசியத்தைப் பெருக்கினால் 8 கிராமைத் தாண்டுகிறது. ஹெப்சிடின் பூட்டை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சூப் இன்னும் மோசம். கீரையை வேகவைக்கும்போது பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும், இரும்பு பெரும்பாலும் இலையிலேயே நிற்கும். நாம் செய்வது என்ன? இலையைச் சக்கை என்று பிழிந்து எறிந்துவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம். சித்திக்குப் போனது இதுதான். மாதுளையும் பீட்ரூட்டும் பட்டியலில் இருப்பதற்கு நிறத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. 100 கிராம் மாதுளையில் இரும்பு 0.3 மி.கி., பீட்ரூட்டில் 0.8 மி.கி. அளவு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் என்றால் தக்காளி சாஸும் ரத்தம்தான். வெல்லத்தைப் பற்றி எங்கள் மாவட்டத்துக்காரன் குறை சொல்லக் கூடாது, ஆனால் சர்க்கரை நோயாளிக்கு அதை மருந்தாகச் சொல்பவர் எதை மனதில் வைத்துச் சொல்கிறார்?

அட்டவணை எண்களையே எவ்வளவு நம்பலாம் என்பது தனிக் கதை. பாலக் கீரைக்கு நம் நாட்டு அட்டவணையின் பழைய பதிப்புகளில் இரும்பு 10.9 மி.கி. என்று இருந்தது. பிறகு திருத்தி 1.14 ஆக்கினார்கள். 2017 அட்டவணையில் 2.95. இலையில் ஒட்டிய மண்ணும் சேர்ந்து அளக்கப்பட்டால் எண் ஏறும். (கீரையின் இரும்பு அளவு தசமப் புள்ளி தவறியதால் பத்து மடங்கானது என்ற பிரபலமான கதையை நானும் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். 1981-ல் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. 2010-ல் மைக் சட்டன் தேடிப் பார்த்ததில் அந்தக் கதைக்கே ஆதாரம் இல்லை. தவறைப் பற்றிய கதையே தவறு.)

முதல் தாளை இவ்வளவு திட்டியதால் இரண்டாவது தாள் சரி என்று அர்த்தம் இல்லை. எனக்கு அதன் மீதுதான் கோபம் அதிகம், ஏனென்றால் அது படித்தவர்கள் கொடுத்தது. புளூபெர்ரி, காலிஃபிளவர், ஆப்பிள், முட்டை வெள்ளைக்கரு, வெள்ளை பிரெட். பாப்பாரப்பட்டிப் பக்கம் புளூபெர்ரிக்கு எங்கே போவது? "தவிர்க்கவும்" கட்டத்தில் கேழ்வரகு, கொள்ளு, அவரை, மொச்சை, கீரை அனைத்தும், பழம் அனைத்தும். மூன்று வேளையில் ஒரு வேளையாவது களி தின்று வளர்ந்த ஒரு மனுஷியிடம் இதைக் கொடுத்தால் அவர் என்ன தின்பார்? சித்தி ரசம் சாதமும் பிஸ்கட்டும் தின்றார். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தார். சாப்பாடு குறைந்து உடம்பு இளைத்தால் சிவப்பணு உற்பத்தியும் அடி வாங்கும். ரத்தசோகை இருக்கிறவருக்கு இப்படி ஒரு தாள்.

இரண்டு தாளும் செய்யும் பிழை ஒன்றேதான். அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே உடம்புக்குள் போகும் எண்ணாக எடுத்துக்கொள்வது. கேழ்வரகில் பாஸ்பரஸ் இருக்கிறது, உண்மை. ஆனால் தானியத்திலும் பருப்பிலும் அதன் பெரும்பகுதி ஃபைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது, பாதிக்கும் குறைவாகவே குடலில் சேரும். பாக்கெட் உணவிலும் கோலாவிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ கிட்டத்தட்ட முழுக்கச் சேர்ந்துவிடும். அந்தத் தாள் களியைத் தடுத்துவிட்டு பாக்கெட் சமாச்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "லோ சோடியம் உப்பு பயன்படுத்தலாம்" என்று வேறு போட்டிருந்தது. சோடியத்துக்குப் பதிலாக அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு! அமெரிக்காவின் 2020 சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டி கூட எல்லோருக்கும் ஒரே பொட்டாசியம் அளவு என்று சொல்லவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துச் சரிசெய்யச் சொல்கிறது. அதாவது ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் தாள் எழுத வேண்டும். இங்கே தாள் முன்பே அச்சடித்துக் கட்டாக மேஜையில் இருந்தது.

தண்ணீரைப் பற்றி இரண்டுமே பேசவில்லை. தர்மபுரியில் அது சின்ன விடுபடல் அல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-ல் வந்தது. ஃபுளோரைடை வெளியேற்றும் முக்கிய வழி சிறுநீரகம். அது தளர்ந்தவர் இன்னும் போர் தண்ணீரைக் குடிக்கிறாரா என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

அப்போ சாப்பாட்டால் ஒன்றும் ஆகாதா? ஆகும், ஆனால் பட்டியல் சொல்வது அல்ல. பி12, ஃபோலிக் அமிலம் குறைந்திருந்தால் ஊசியும் சரியாக வேலை செய்யாது. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவது சகஜம், சித்திக்கும் குறைந்திருந்தது. சாப்பாட்டோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளினால் சேரும் கொஞ்சம் இரும்பாவது சேரும். கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் ஒரே வேளையில் விழுங்கக் கூடாது. புரதத்தை டயாலிசிஸுக்கு முன் அளவோடும் டயாலிசிஸ் தொடங்கியபின் கூடுதலாகவும் எடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய பயத்தில் முட்டையைத் தொடுவதில்லை.

மீதி எல்லாம் பரிசோதனையிலும் மருந்திலும் இருக்கிறது. ஃபெரிட்டின் 300 என்று வந்ததும் "இரும்பு நிறைய இருக்கு" என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும் என்பது அப்போது தெரியாது. 2012 சர்வதேச வழிகாட்டி, ஃபெரிட்டின் 500 வரையிலும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 30 சதவீதம் வரையிலும் இருந்தால் இரும்பு கொடுத்துப் பார்க்க இடம் தருகிறது. லேப் தாளில் அச்சடித்த நார்மல் அளவு நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கானது. ஹீமோகுளோபினை 13-க்கு ஏற்றியே ஆக வேண்டும் என்பதும் தவறான ஆசை. 2006-ல் வந்த இரண்டு ஆய்வுகளும் 2009-ல் வந்த பெரிய ஆய்வும் ஊசி போட்டு அவ்வளவு ஏற்றுவதால் பலன் இல்லை என்று காட்டின. 2009 ஆய்வில் பக்கவாதம் கூடியது. பொதுவாக 11.5-ஐத் தாண்டவேண்டாம் என்றே 2012 வழிகாட்டி சொல்கிறது. மார்ச் 2022-ல் இந்தியாவில் ஜைடஸ் நிறுவனத்தின் டெசிடுஸ்டாட் மாத்திரைக்கும் அனுமதி கிடைத்தது. உடம்பு தானே எரித்ரோபாய்டின் சுரக்கத் தூண்டும் வகை. ஊசிக்காக பஸ் ஏற வேண்டாம் என்பது கிராமத்துக்குப் பெரிய விஷயம். யாருக்குப் பொருந்தும் என்பது டாக்டர் முடிவு.

ஒன்று விட்டுப்போனது. முதல் தாளின் அடியில் பேனாவில் யாரோ "ஆடுதின்னாப்பாளை கஷாயம்" என்று எழுதியிருந்தார்கள். அது அரிஸ்டோலோக்கியா குடும்பத்துச் செடி. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நேரடியாக அழிப்பது. பெல்ஜியத்தில் எடை குறைக்க இந்த வகைச் செடி கலந்த மருந்தைச் சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் செயலிழந்தது 1993-லேயே பதிவாகியிருக்கிறது. நல்லவேளை, சித்திக்கு அந்தக் கையெழுத்து புரியவில்லை.

இப்போது அவருக்கு இரும்பு ஊசியும் எரித்ரோபாய்டின் ஊசியும் போகிறது. கடைசி ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 10.2, பொட்டாசியம் 4.8. டயட்டீஷியன் அவருடைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்த தாளில் மதியம் ஒரு களி உருண்டை இருக்கிறது. வாரம் ஒருமுறை கீரைக் கடைசலும் உண்டு, வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதில் வருத்தம்தான். "சத்தெல்லாம் தண்ணியோட போயிடுச்சே" என்கிறார். அந்தத் தண்ணியில் என்ன போகிறது என்று சித்தி அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.