5 ரிங்கிட் மனு

ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கூரை ஒழுக்கை அடைக்க வரும் நிறுவனங்கள் ஐந்தாண்டு, பத்தாண்டு என்று உத்தரவாதம் எழுதித் தருகின்றன. அடுத்த பெருமழையில் வீடு மறுபடி ஒழுகினால், “நாங்கள் பூசிய இடம் நன்றாகத்தான் இருக்கிறது, உங்கள் கூரை பழசு” என்கிறார்கள். உத்தரவாத அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அதற்கு ஏற்ற விதிவிலக்கும் இருக்கும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அது தவறு.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அட்டையைவிடப் பெரியது. வேலையை நியாயமான கவனத்தோடும் திறனோடும் செய்யவேண்டும் என்கிறது அதன் 53ஆம் பிரிவு. அட்டையே இல்லாவிட்டாலும் இந்தக் கடமை உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதி இந்தக் கடமையைக் கழற்றிவிடப் பார்த்தாலும் செல்லாது என்கிறது 6ஆம் பிரிவு. கூரை உண்மையிலேயே பழசாக இருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டுத்தானே விலை சொன்னார்கள்? பழசு என்று அப்போது சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டவர், பின்னால் அதையே காரணம் காட்டினால் ஏற்கமுடியாது.

சட்டம் இருந்தும் எங்கே போய்க் கேட்பது? மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவு 5,000 ரிங்கிட்டோடு நின்றுவிடுகிறது. ஜெயித்த பிறகும் பணத்தை வசூலிக்கும் பாடு நம்முடையது. இதற்கு மாறாக, 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். தொடக்கத்தில் 10,000 ரிங்கிட்டாக இருந்த கோரிக்கை வரம்பு, 25,000 ஆகி, 2019 திருத்தத்தால் 50,000 ஆனது. தீர்ப்புக்குப் பின் 14 நாளில் கட்டுப்படாதவர் குற்றவாளி. இரண்டாண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. மன்றத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். 60 நாளில் தீர்ப்பு என்பது விசாரணை தொடங்கும் நாளிலிருந்து கணக்கு, அதுவும் இயன்றால்தான். வழக்கறிஞர் கூடாது என்பது சமநிலைபோலத் தோன்றும். ஆனால் நிறுவனம் தன் சம்பள ஊழியரை அனுப்பலாம். அவர் பல வழக்கு பார்த்தவராக இருப்பார், வீட்டுக்காரருக்கு அதுதான் முதல் முறை. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பதிவு செய்யாத ஆள். வாட்சாப் எண்ணை மட்டும் கொடுத்துப் போனவருக்கு மன்றத்தின் அறிவிப்பை எந்த முகவரிக்கு அனுப்புவது?

இந்த ஓட்டை தோட்டத்திலிருந்து வந்த நம்மவரைத்தான் அதிகம் வாட்டுகிறது. ரப்பர் தோட்டத்து லயத்தில் கூரை ஒழுகினால் சரிசெய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. ரசீது கேட்கும் வேலையே இல்லை. தோட்டங்கள் கைமாறி, சொந்த வீட்டுக்கு வந்த குடும்பங்கள் ரொக்கத்தைக் கொடுத்து வாய்ப்பேச்சை நம்பின. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாழ்ந்த முறை அப்படி. ஆனால் மன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையது.

சான்று சேர்ப்பது கடினமல்ல. உட்கூரையில் பரவும் மஞ்சள் கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுங்கள். அடுத்த மழைக்குப் பின் கறை கோட்டைத் தாண்டினால் மறுபடி எடுங்கள். பழுது பார்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கெஞ்சியதற்குச் சாட்சி இல்லை. “அடுத்த வாரம் வருகிறோம்” என்ற பேச்சில் வருடங்களைக் கரையவிடாதீர்கள். உரிமை எழுந்து மூன்றாண்டு கடந்தால் மன்றம் கேட்காது.

ஆகவே என் தீர்ப்பு இது: பதிவு பெற்ற நிறுவனத்தோடு தகராறு என்றால், சாதாரணக் குடும்பத்துக்கு இந்த மன்றத்தைவிட நல்ல வழி இன்று நாட்டில் இல்லை. பெயரும் முகவரியும் இல்லாத ஆளிடம் மன்றத்தால் ஒன்றும் செய்யமுடியாது. முன்பணம் கொடுக்குமுன், ரசீதில் நிறுவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையைக் கொடுக்காதீர்கள்.